கரண்ட் போன இரவின் நீளம்

ரெமிஜியுஸ் பல்தானோ இறந்த செய்தி
குதைபியா சலூனில்
பாதிச் சவரத்தில் வந்தது எனக்கு.
மீதி முகம் சோப்போடு இருக்க
செய்யதலிக்கு போன் போட்டேன்.
எந்த ரெமி என்று கேட்கவில்லை அவன்.
"அந்தக் கை ரெண்டும் போச்சா" என்றான்.

வியாழக்கிழமை அவனுடையது.
ஹூராவில் அந்த ஓட்டலின் அடித்தளம்,
பதினாலு படி இறங்கினால் சாண்ட்பேப்பர் குழு.
பாட்டுக்காரன் மணிலா, கிட்டார் இரண்டும் கோவா,
டிரம்ஸில் நம்ம தூத்துக்குடி.
நாங்கள் உப்புத்தாள் என்போம்.
உள்ளே போக மூன்று தினார், ஒரு பெப்சி இலவசம்.
அந்த ஒரு பெப்சியை நான்கு மணி நேரம் குடித்தோம்.
பாட்டில் ஒரு வார்த்தை புரிந்ததில்லை.
சித்ராவில் பகலெல்லாம் இரும்பில் சுத்தியல் அடித்தவனுக்கு
ராத்திரி இன்னொருத்தன் அடிப்பதைப் பார்ப்பது
என்ன சுகம் என்று
எந்தக் கடிதத்திலும் எழுத வந்ததில்லை.

ஒல்லி. இடதுகைக்காரன்.
கழுத்து உத்தரியம் வியர்வையில் பனியனோடு ஒட்டிக் கிடக்கும்.
பெரிய சிம்பலை அடிக்குமுன் ஒரு நொடி
தும்மல் வரப்போகிறவன் மாதிரி முகம் சுளிப்பான்.
அந்தச் சுளிப்பை காம்பில் பழகினோம்,
பல் தேய்க்கையில், ஒரே கண்ணாடிக்கு ஆறு பேர்.

இந்த வியாழன் மூன்று பேர்,
செய்யதலியின் பழைய கரோலாவில்.
கேசட் ஓடுவது அந்த வண்டியில் மட்டும்தான்.
ஓட்டல் இருந்த இடம் இப்போது பார்க்கிங்.
சீட்டு எடுத்து,
மேடை இருந்ததாக நாங்கள் முடிவுசெய்த கோட்டில் நிறுத்தினோம்.
(அது கழிப்பறை என்றான் அருளானந்து.
இன்னமும் சொல்கிறான்.)

கரண்ட் போன இரவு அது.
ஏசி, விளக்கு, மைக், கிட்டார்
எல்லாம் ஒரே மூச்சில் செத்தன.
டிரம்ஸுக்கு எதற்குக் கரண்ட்?
ஜெனரேட்டர் வரும்வரை
இருட்டில் அடித்துக்கொண்டே இருந்தான் ரெமி.
எவ்வளவு நேரம்?
இருபது நிமிடம்.
முப்பத்திரண்டு வருடமாக நான் மாற்றியதில்லை.
செய்யதலிக்கு அரைமணி.
கணக்கெழுதும் அருளானந்துக்குப் பதினேழு.

மேசைக்கடியில் பேட்டரி ரெக்கார்டர் வைத்து
அவன் பிடித்த கேசட்.
பென்சில் விட்டுச் சுற்றி இறுக்கிப் போட்டோம்.

முதலில் வந்தது நாங்கள்.
டிரம்ஸ் எங்கோ பின்னால்,
பக்கத்து அறையில் யாரோ கட்டிலை நகர்த்துவதுபோல.
அதற்கு மேலே ஒருத்தன் சிப்ஸ் கேட்கிறான்.
ஒருத்தன் ஓவர்டைம் வராததைச் சொல்லி முடிக்கவேயில்லை.
இருபத்தாறு வயதுக் குரலில் நான்
செய்யதலியின் தங்கை கல்யாணத்துக்கு
இன்னும் எவ்வளவு குறையுது என்று கத்திக் கேட்கிறேன்.

"வாயை மூடுங்கடா" என்றான் செய்யதலி
டாஷ்போர்டைப் பார்த்து.

டொக்கென்று போனது கரண்ட்.
எங்கள் வாயும்.
குச்சி விளிம்பில் பட்டு
ஒரு அடி தப்பியது.
இன்னொன்று.
பிறகு தடவிப் பிடித்துக்கொண்டு
அவன்
அவன்
அவன் மட்டும்.

ஜெனரேட்டர் இரைந்தது. கைதட்டல். சிப்ஸ்.
அருளானந்து கடிகாரத்திலிருந்து நிமிராமல் சொன்னான்:
ஒரு நிமிடம் ஐம்பது வினாடி.

"டேப் இழுத்திருக்கும்."
"இழுத்தா நீளும்டா. குறையாது."
செய்யதலி ஒன்றும் பேசாமல் திரும்பச் சுற்றினான்.
மூன்று தடவை.
தப்பிய அடி மூன்று தடவையும் அதே இடத்தில் தப்பியது.
சீட்டு நேரம் முடிந்ததும் கிளம்பினோம்.

சிக்னலில் அருளானந்து தொடையில் தட்டிக்கொண்டிருந்தான்,
நான் கண்ணாடியில்.
சேரவில்லை. யாரும் திருத்தவுமில்லை.
பச்சை விழுந்தது,
பின்னால் ஹாரன்,
செய்யதலி கியர் போடவில்லை.
என் கணக்குப்படி இன்னும்
பதினெட்டு நிமிடம் பத்து வினாடி பாக்கி.